வெற்றிலை மாலை போட்ட வண்டி

பதினோரு குரங்குகளையும் ஒரே கூண்டில் அடைத்து, கூண்டை அப்பாவின் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி, மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியாகிவிட்டது. அதோடு விட்டிருந்தால் யார் கண்ணிலும் படாமல் போய்ச் சேர்ந்திருப்போம். எங்கள் ஊர்ப் பெண்கள் விடவில்லை.

“சாமிய வெறுமனேயா அனுப்புறது?” என்றாள் என் அம்மா அம்மாக்கண்ணு.

இரண்டு வருஷமாக அந்தக் குரங்குகளை வாய்க்கு வந்தபடி திட்டியவர்கள்தான் எல்லோரும். அவை ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கிச் சோற்றுப் பானையை உருட்டும். காயப்போட்ட துணியைக் கிழிக்கும். பக்கத்து வீட்டு ஆண்டாயியின் கெண்டைக்காலைக் கடித்ததில் பதினாறு தையல். அதே ஆண்டாயி நொண்டிக்கொண்டே வந்து வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வெற்றிலை மாலை கட்டினாள். தார்ப்பாயில் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்தார்கள். தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள்.

“போயிட்டு வா சாமின்னு எவளும் வாய்தவறிச் சொல்லிப்புடாதீங்கடி. வந்து தொலைச்சிடும். போயிடு சாமின்னு சொல்லுங்க” என்றாள் ஆண்டாயி.

எல்லோரும் சிரித்தார்கள். தார்ப்பாய்க்குள் ஒன்று வீறிட்டது. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எங்கள் ஊர் திருமானூர்ப் பக்கம். அங்கிருந்து அரியலூர், பெரம்பலூர் தாண்டிப் பச்சமலை அடிவாரத்தில் குரங்குகளை இறக்கிவிட வேண்டும். கிட்டத்தில் விட்டால் திரும்பி வந்துவிடும் என்று அவற்றைப் பிடித்துக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. ஊர் சார்பில் வார்டு மெம்பர் நடராசன் மாமா கூட வந்தார்.

நான் குரங்குக்காகப் போகவில்லை. பெரம்பலூரில் இருக்கும் என் அக்கா ஜெயசித்ராவுக்கு ஒன்பதாவது மாதம். மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போவதால் அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் பத்தாவது பாதியில் நின்றதிலிருந்து வீட்டோடு இருப்பவள். அக்காவுக்கு ஒத்தாசைக்கு என்னை விடுவதாக ஏற்பாடு. பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்கும் நடராசன் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் கூண்டுக் கம்பி. தார்ப்பாயின் நீல வெளிச்சத்தில் குரங்குகளின் முகங்கள் தெரிந்தன. பெரிய ஆண் குரங்கு ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் அதைக் கடுவன் என்போம். பிடித்துக் கொடுத்தவர் கடுவனைத் தனியாக அடைக்கச் சொன்னார். இன்னொரு கூண்டு கிடைக்கவில்லை. வண்டி நகர்ந்ததிலிருந்து அது மற்றவற்றைக் கடித்துக்கொண்டே வந்தது. ஒரு குரங்கின் தோளில் சதை பிய்ந்து தொங்கியது. குட்டி வைத்திருந்த ஒன்று மூலையில் முகத்தைப் புதைத்து முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த முதுகில்தான் கடி எல்லாம் விழுந்தது. நான் அப்பாவிடம் சொல்ல நினைத்தேன். நடராசன் மாமா இருந்ததால் சொல்லவில்லை.

அவர் பேச்சை நிறுத்தவே இல்லை.

“அங்க பழம், சுனை, எல்லாம் இருக்கு வீரமுத்து. நம்மளவிட நல்லா இருக்குங்க அதுங்க. நமக்குப் புண்ணியந்தான்.”

“அங்க ஊருங்க இல்லையா?” என்றார் அப்பா.

“இருக்கும். அது அவங்க பாடு.”

அரியலூர் தாண்டும்வரை சிமெண்டு லாரிகள் உரசிக்கொண்டு போயின. ஒவ்வொரு ஹாரனுக்கும் பின்னால் பதினோரு தொண்டையும் ஒன்றாகக் கத்தின. பெரம்பலூர் வந்ததும் என்னை இறக்கிவிட அப்பா வண்டியைத் திருப்பப் பார்த்தார். நடராசன் மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

“டவுனுக்குள்ள இத வச்சிக்கிட்டா? எவனாவது போன்ல படம் புடிச்சான்னா தொலைஞ்சோம். வரும்போது எறக்கிக்கலாம், நேரா வுடு.”

அப்பா நேராக விட்டார்.

மலை பக்கத்தில் வந்துவிட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு. பாதிக் காட்டில் தட்டை முறிந்து, கடித்துத் துப்பிய கதிர்கள் கிடந்தன. இங்கேயும் குரங்கு இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஒரு ஊருக்குள் நுழைந்தோம். ஒரு டீக்கடை, கரண்டுக் கம்பம், வரிசையாக வீடுகள். ரோட்டின் முழு அகலத்துக்கும் மக்காச்சோளத்தைப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் தடியோடு காவல் இருந்தார்கள். வண்டி போக ஒரு ஓரம் ஒதுக்க வேண்டும். அப்பா நிறுத்தினார்.

சோளத்தைக் காலால் தள்ளிக்கொண்டிருந்த ஒரு அம்மா வண்டியைப் பார்த்ததும் தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டுக் கையைக் கூப்பினார். நாற்பது வயது இருக்கும். காதில் கல் வைத்த தோடு. வெற்றிலை மாலையையும் குங்குமத்தையும் பார்த்துவிட்டு நடராசன் மாமா பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

“என்ன சாமிங்க போவுது?”

நடராசன் மாமா, “அனுமாருங்க. கும்பாபிசேகத்துக்குப் போவுது, வழிய வுடுங்க” என்றார்.

“நம்ம ஊருக்குள்ள வந்து நிக்கிது. ஒரு நிமிசம் பாத்துக்கிறேங்க.”

“கண்ணு தெறக்காத சாமிம்மா, பாக்கக் கூடாது!”

அந்த அம்மா அதற்குள் பின்னால் போய்விட்டார். காலில் கிடந்த செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கை சோளத்தை அள்ளிக்கொண்டு, தார்ப்பாயின் நுனியைத் தூக்கினார். சோளத்தைச் சாமியின் காலடியில் போட உள்ளே கையை நீட்டினார்.

கடுவன் அந்தக் கையைப் பிடித்து இழுத்தது.

அவர் போட்ட சத்தத்தில் தடியோடு இருந்தவர்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். வளையல் உடைந்து கையில் ரத்தக்கோடு. ஒருவன் தார்ப்பாய்க் கயிற்றை அறுத்து இழுத்தான். தார்ப்பாய் விலகியது. பதினோரு குரங்கும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தன.

நடராசன் மாமா கதவைத் திறந்து இறங்கினார். ஏதோ சமாதானம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோளக்காட்டுக்குள் ஓடினார். அந்தத் தொந்தியை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று எனக்குத் தெரியாது.

“இது நாலாவது லோடுடா!” என்று கத்தினார் ஒருவர். பெரியசாமி என்று அவரைக் கூப்பிட்டார்கள். கைகூப்பிய அம்மாவின் வீட்டுக்காரர். “வண்டி அறுபத்தொண்ணு நம்பரு. அரியலூருக்காரன். ஒங்க ஊருக் கொரங்க எங்க தலையில கொட்டிட்டுப் போறதுக்கா மால போட்டு எடுத்தாறீங்க?”

அப்பாவை வண்டியிலிருந்து சட்டையைப் பிடித்து இறக்கினார்கள். சாவியைப் பிடுங்கினார்கள்.

“அண்ணே, திருப்பிக் கொண்டுபோயிடறேண்ணே. தெரியாம வந்துட்டேன். வயசுப்புள்ள கூட இருக்குண்ணே.”

“போனவனும் இதத்தான் சொன்னான். அந்த வளைவுல தெறந்து வுட்டுட்டுப் போனான்.” பெரியசாமி அப்பாவின் கன்னத்தில் அறைந்தார். “எம் பொண்ண மாடியில வச்சுத் தொரத்துச்சு தெரியுமா? மூணாவது படிக்கிறா. மேலேருந்து வுழுந்து கால்ல மாவுக்கட்டு போட்டுக் கெடக்கா. எந்த ஊருடா நீ? சொல்லு. இங்க இருக்கற அம்பதையும் புடிச்சு ஒங்க ஊருல கொண்டாந்து வுடறோம்.”

அப்பா ஊரைச் சொல்லவில்லை. அதுதான் அவர்களுக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது.

ஒரு பையன் தடியால் கூண்டைக் குத்தப் போனான். குத்தியிருந்தால் கடுவனின் கண்ணில் பட்டிருக்கும். பெரியசாமி திரும்பி அவனைப் பிடித்துத் தள்ளினார்.

“டேய், அது மேல கை வைக்காத. அனுமாரு. வாயில்லாத சீவன் என்ன பண்ணும்? கொண்டாந்தவன வெளுங்கடா.”

எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. கூண்டுக்குப் பக்கத்தில் போன ஒரு ஆள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனான். அதே ஆள் திரும்பி வந்து அப்பாவின் விலாவில் உதைத்தான்.

அப்பாவைக் கரண்டுக் கம்பத்தில் சேர்த்துக் கையைப் பின்னால் வைத்து நைலான் கயிற்றால் கட்டினார்கள். கட்டியது பெரியசாமிதான். அதன் பிறகு சோளம் அடிக்கும் தடியால் அடித்தார்கள். முதலில் தொடையில். பிறகு தோளில். பிறகு எங்கே படுகிறது என்று பார்க்காமல். ஒவ்வொரு அடிக்கும் “ஊரச் சொல்லு” என்றார்கள். அப்பா, “நான் வண்டிக்காரன்ங்க, வண்டிக்காரன்ங்க” என்றார். ஒரு அடி வாயில் விழுந்தது. அதன் பிறகு அந்தச் சொல்லும் தெளிவாக வரவில்லை. ஒரு பல் சோளத்தில் விழுந்தது. சோளத்தோடு சோளமாகக் கிடந்தது.

நான் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா வந்து கதவைத் திறந்து என் கையைப் பிடித்து இறக்கினார். அவர் கையில் ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது.

“இங்க வா பாப்பா. அதப் பாக்காத.” என்னை வண்டியின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய், கூண்டுக்கும் தனக்கும் நடுவில் நிறுத்தி மறைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, “யோவ், போதும்யா! பொட்டப்புள்ள வந்திருக்கு, வுடுங்கய்யா!” என்று கத்தினார்.

“நீ சும்மா கெட சம்பூர்ணம். கும்புடப் போனவதானே நீ!” என்று யாரோ சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்போடு இன்னும் இரண்டு அடி விழுந்தது.

சம்பூர்ணம் அம்மா என் தலையைத் தன் தோளில் அமுக்கிக்கொண்டார். ஆனாலும் வண்டியின் பக்கவாட்டில் எனக்கு அப்பா தெரிந்தார். ஒரு கண் மூடிவிட்டது. காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. அடிக்கிற தடி நடுவில் முறிந்தது. பெரியசாமி முறிந்த தடியை எறிந்துவிட்டு வண்டிக்கு வந்து, சீட்டுக்குக் கீழே கையை விட்டு ஜாக்கிக் கம்பியை எடுத்தார். முழங்கை நீள இரும்பு. அதைக் கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்தார், கனம் பார்க்கிற மாதிரி.

அப்பா அந்தக் கம்பியைப் பார்த்தார். தலையைக் கம்பத்தோடு ஒட்டவைத்துக்கொண்டார். பிறகு அவர் பார்த்தது என்னைத்தான். உதடு அசைந்தது. ஓடு என்று சொன்னாரோ என்னவோ.

கூண்டுக் கதவு மேலே தூக்குகிற கதவு. அதைப் பூட்டவில்லை. குறுக்கே ஒரு இரும்பு முளை செருகியிருந்தது. பிடித்துக் கொடுத்தவர் காலையில் அப்பாவுக்கு அதைத் திறந்து காட்டும்போது நானும் பார்த்தேன். அந்த முளை இப்போது என் முதுகில் குத்திக்கொண்டிருந்தது.

நான் கையைப் பின்னால் விட்டு முளையை உருவினேன். கதவைப் பிடித்துத் தூக்கினேன். உள்ளேயிருந்து ஏதோ ஒன்று என் கையைக் கடித்தது. விடவில்லை. முழுவதும் தூக்கினேன்.

மூன்று நான்கு குரங்கு என் தலைக்கு மேலேயே தாவிப் போயின. கடுவன் அப்படிப் போகவில்லை. எதிரில் இருந்த முதல் ஆள்மேல் பாய்ந்தது. அது சம்பூர்ணம் அம்மா.

அவர் மல்லாந்து விழுந்தார். அது அவர் மார்பில் உட்கார்ந்து தலைமுடியைப் பிடித்துக்கொண்டு காதைக் கவ்வியது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். தோடும் காதின் கீழ்ப்பாதியும் அதன் வாயில் இருந்தன. துப்பிவிட்டு மறுபடி முழங்கையைக் கடித்தது. அவர் கத்தியதை என்னால் எழுத முடியாது.

ரோடு முழுக்கக் குரங்கு. சோளத்தில் கால் சறுக்கி விழுந்து எழுந்து ஓடின. ஒன்று டீக்கடைக்குள் பாய்ந்து பாலைக் கவிழ்த்தது. கொதிக்கிற பால் கடைக்காரர் காலில் விழுந்து அவர் குதித்தார். இரண்டு திறந்திருந்த ஒரு வீட்டுக்குள் போயின. உள்ளே குழந்தை அலறியது. தடியோடு இருந்தவர்கள் அப்பாவை விட்டுவிட்டு ஆளுக்கொரு வீட்டுக்கு ஓடினார்கள். எங்கிருந்தோ நாய்கள் வந்துவிட்டன. குட்டி வைத்திருந்த குரங்கு முதுகுக் காயத்தோடு ஓட முடியாமல் ஓடியது. ஒரு செவலை நாய் குட்டியைக் கவ்விப் பிய்த்து எடுத்து உதறியது. இரண்டு உதறலில் குட்டி துணி மாதிரி ஆகிவிட்டது. தாய் ஓடிவிடவில்லை. திரும்பி வந்து நாயின் முகத்தில் ஏறியது. நாய் அலறிக்கொண்டு ரோட்டில் சுழன்றது.

பெரியசாமி ஜாக்கிக் கம்பியோடு ஓடி வந்தார். என்னைத்தான் அடிக்கப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கடுவனின் முதுகில் ஒரு அடி. அது திரும்பிப் பல்லைக் காட்டியது. நெற்றியில் ஒரு அடி. அது சம்பூர்ணம் அம்மாவின் மேலேயே சரிந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டு மறுபடி அடித்தார். அது அசையாமல் போன பிறகும் அடித்தார். கம்பியில் முடி ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் நிறுத்தியபோது மற்றக் குரங்குகள் கூரைகளுக்கும் காட்டுக்கும் போய்விட்டன. வாசலில் நின்ற ஒருத்தி, “அனுமாரக் கொன்னுட்டியேய்யா!” என்று வாயில் அடித்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரும் பக்கத்தில் வரவில்லை. பெரியசாமி கம்பியைக் கீழே போட்டார். தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“யோவ், என்னப் பாருய்யா” என்றார் கீழே கிடந்த சம்பூர்ணம் அம்மா.

அப்போதுதான் பெரியசாமிக்கு உணர்வு வந்தது. துண்டை எடுத்து மனைவியின் காதில் அழுத்தினார். துண்டு உடனே நனைந்தது. “வண்டி! வண்டி எடுங்கடா எவனாவது!” என்று கத்தினார். ஆம்புலன்சு வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றான் ஒருவன். பைக்கில் உட்கார வைக்க முடியாது. ஊரில் இருந்த ஒரே ஷேர் ஆட்டோ காலையிலேயே போய்விட்டது. எல்லோரும் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு எங்கள் வண்டியைப் பார்த்தார்கள்.

பெரியசாமி டீக்கடைச் சாய்ப்பில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு அப்பாவிடம் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெட்டுகிற சத்தம் கேட்டது. திறந்து பார்த்தபோது நைலான் கயிறு கீழே கிடந்தது.

“எடுறா வண்டிய” என்றார்.

அப்பா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரத்தத்தைத் துப்பினார். “சாவி ஒங்க ஆளுகிட்ட இருக்கு” என்றார்.

சாவி கைக்குக் கை மாறி வந்தது.

சம்பூர்ணம் அம்மாவை நடராசன் மாமா உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். நான் நடுவில். பெரியசாமி பின்னால் காலிக் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோளத்தின் மேலேயே ஏற்றி வண்டியைத் திருப்பினார் அப்பா. யாரும் தடுக்கவில்லை. அப்பாவுக்கு இடது கண் தெரியவில்லை. எதிரில் வண்டி வந்தால் நான் “பஸ்ஸு வருதுப்பா”, “மாடு நிக்குதுப்பா” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சம்பூர்ணம் அம்மாவின் ரத்தம் என் பாவாடையில் சூடாக இறங்கியது. என் கையிலிருந்த கடியை மடியிலிருந்த பைக்குக் கீழே மறைத்து வைத்திருந்தேன்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்ததும் முதலில் அவரைத்தான் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

“எப்படிப்பா ஆச்சு?” என்று நர்சம்மா கேட்டார்.

“வண்டியிலேருந்து வுழுந்துட்டேங்க.”

“இவங்க?”

“கொரங்கு கடிச்சிருச்சும்மா” என்றார் பெரியசாமி.

நர்சம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அவரு வுழுந்தாரு, இவங்களக் கொரங்கு கடிச்சிருச்சு. ஒரே வண்டியில வந்திருக்கீங்க. நல்லாருக்கு.” பிறகு ஒரு சோப்பை எடுத்துக் கொடுத்தார். “ஊசிக்கு முன்னாடி பதினஞ்சு நிமிசம் ஓடுற தண்ணியில கழுவணும். அந்தக் கொழாய்க்குப் போங்க. பாப்பா, ஒன் கையில என்ன? நீயும் போ.”

குழாய் சுவர் ஓரமாக இருந்தது. ஒரே குழாய். சம்பூர்ணம் அம்மா முழங்கையை நீட்டினார். அதற்குப் பக்கத்தில் நான் கையை நீட்டினேன். சோப்பு பட்டதும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். தண்ணீர் சிவப்பாக ஓடிச் சாக்கடையில் விழுந்தது. காதுக்கு ஒரு துணி வைத்துக் கட்டியிருந்தார்கள். அதிலிருந்தும் சொட்டியது.

பெரியசாமி பின்னால் நின்றார். ரொம்ப நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒங்கப்பன் கைய நானே கட்டுனேன். அவன் தெறந்திருக்க முடியாது. ஓடுனானே ஒரு தொந்தி, அவன் திரும்பி வந்தானா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நடராசன் மாமாவைத் தேடி அவர்கள் எங்கே போகப்போகிறார்கள். ஆனால் சொன்னால் நம்பாமல் உள்ளே போய் அப்பாவைக் கேட்பார். அப்பா, தான்தான் திறக்கச் சொன்னதாகச் சொல்வார். அப்பாவால் இன்னொரு அடி தாங்க முடியாது.

“நான்தான்” என்றேன்.

“என்னா?”

“நான்தான் தெறந்தேன்.”

அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். சுவரில் என் முதுகு மோதியது. கையை ஓங்கிவிட்டார்.

“கைய எறக்குய்யா” என்றார் சம்பூர்ணம் அம்மா. குழாயிலிருந்து கையை எடுக்காமலேயே சொன்னார். “எனக்குத் தெரியும். நான் பாத்தேன்.”

“பாத்தியா?”

“எம் பக்கத்துலதான நின்னுச்சு. முளைய உருவுனது கண்ணுல படலையா எனக்கு?”

“பாத்துட்டுச் சும்மாவாடி நின்ன?”

“நீ கம்பிய எடுத்துட்ட.” அவர் முகத்தைத் திருப்பினார். கட்டுத்துணி நழுவிக் காதின் கீழ்ப்பாதி இருந்த இடம் தெரிந்தது. “அந்தாளு மண்ட பொளந்திருந்தா இந்நேரம் நீ போலீஸு ஸ்டேசன்ல ஒக்காந்திருப்ப. கால் ஒடஞ்ச புள்ளய வச்சிக்கிட்டு நான் எவன் வாசல்ல போயி நிக்கிறது? கத்துனேன், நீ கேக்கல. இது தெறக்குது, தெறக்கட்டும்னு நின்னேன். தெறந்தா எல்லாம் காட்டப் பாத்து ஓடிரும்னு நெனச்சேன். எம் மேல பாயும்னு கண்டேனா?”

பெரியசாமியின் கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. அவர் சுவரில் சாய்ந்து குந்திக்கொண்டார். கம்பியைப் பிடித்த உள்ளங்கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. “அம்மா, நான் வேணும்னு...” என்று ஆரம்பித்தேன்.

சம்பூர்ணம் அம்மா கடிபடாத கையால் என்னை அறைந்தார். சோப்பு நுரையோடு கன்னத்தில் விழுந்தது. காது அடைத்துக்கொண்டது. வாயில் சோப்புக் கசப்பு. அப்பா உள்ளேயிருந்து “ஆர்த்தி!” என்று கூப்பிடுவது தூரத்தில் கேட்டது.

“இது எங் காதுக்கு” என்றார்.

உள்ளேயிருந்து நர்சம்மா எட்டிப் பார்த்தார். “என்னங்க அங்க சத்தம்? கழுவுறீங்களா இல்லையா?”

“கழுவுறோங்க” என்றார் சம்பூர்ணம் அம்மா. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தண்ணீருக்குக் கீழே வைத்து, கடிவாயில் சோப்பைப் போட்டு அழுத்தித் தேய்த்தார். எலும்புவரை எரிந்தது.

“இன்னும் பத்து நிமிசம் இருக்கு” என்றார். “ஆட்டாம புடி.”